இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

(கோவையில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் நின்றுகொண்டு நான் பேச வந்திருப்பது கொஞ்சம் கூச்சமான விஷயம். ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவே ஒற்றை பஸ்ஸை வைத்துத் தொழில் தொடங்கிய பக்கம் இது. மோட்டார் சைக்கிளை வாங்கி அக்கக்காகப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டி, அப்படியே இயந்திரம் கற்றவர் அவர். அந்தக் கதையைச் சொல்லித்தான் முப்பது வருடம் பையன்களுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். "பிரிச்சுப் பாருடா, தன்னால புரியும்" என்பதுதான் என் வகுப்பின் முதல் பாடம். இன்றைக்கு அதே வாயால், பிரிக்காதீர்கள் என்று சொல்லப் போகிறேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை வீட்டில் வைத்துப் பிரிக்காதீர்கள். ஆனால் வீட்டில் வைத்துப் பராமரியுங்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் இன்றைய பேச்சு.

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள். பத்துப் பன்னிரண்டு பேர். சரி, ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள்? முக்கால்வாசி அரங்கமும் தூக்குகிறது. நீங்கள் எல்லோருமே முதல் தடவையும் தூக்கியிருக்க வேண்டும். 1984-இல் கைனெடிக் ஹோண்டா வந்ததிலிருந்து நம் வீட்டு வாசலில் ஆட்டோமேட்டிக் நிற்கிறது. ஒரு ரப்பர் பெல்ட், அகன்று சுருங்கும் இரண்டு கப்பிகள், சுழற்சி கூடினால் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு கிளட்ச். இன்றைக்குச் சில கார்களில் சி.வி.டி. என்று விற்பதற்கும் இதற்கும் தாத்தா ஒருவரே. நெதர்லாந்தில் டாஃப் நிறுவனம் 1958-இல் ரப்பர் பெல்ட்டை வைத்து ஒரு சின்ன காரையே ஓடவிட்டது. பிறகு ரப்பர் போய் எஃகுப் பட்டை வந்தது.

முதல் வேலையே இதுதான், உங்களிடம் இருப்பது எந்தப் பெட்டி என்று தெரிந்துகொள்வது. "ஆட்டோமேட்டிக்குங்க" என்று சொன்னால் போதாது. நம் சாலைகளில் இன்று நான்கு சாதி ஓடுகின்றன. ஒன்று டார்க் கன்வெர்ட்டர். அதுதான் பழைய, அசல் ஆட்டோமேட்டிக். இரண்டு சி.வி.டி. மூன்று, இரட்டைக் கிளட்ச் வைத்த டி.சி.டி. நான்கு ஏ.எம்.டி. 2014-இல் மாருதி செலெரியோவில் வந்து நம் ஊர் வாடிக்கையாளருக்கு மலிவு விலையில் பழக்கமானது அது. உள்ளே இருப்பது சாதாரணக் கியர்பாக்ஸ், சாதாரணக் கிளட்ச். மிதிக்கிற காலும் மாற்றுகிற கையும் மட்டும் இயந்திரத்துடையவை. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றுக்கு விஷம். வண்டியோடு வந்த புத்தகத்தை இதுவரை பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுக்காதவர்கள் இன்று ராத்திரி எடுத்துவிடுங்கள்.

எனக்கு அதிகம் தெரிந்தது முதல் சாதி. என் வண்டியும் அதுதான், பழைய நான்கு கியர் பெட்டி. அதனால் அதைப் பற்றியே அதிகம் பேசுவேன், மன்னிக்க வேண்டும்.

கியர் வண்டியில் எஞ்சினையும் சக்கரத்தையும் பிரிக்கவும் சேர்க்கவும் உங்கள் இடது கால் இருக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் அந்தக் காலின் வேலையை யார் செய்கிறார்கள்? டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கிற எண்ணெய் செய்கிறது. இரண்டு கொட்டாங்கச்சிகளை வாயோடு வாய் வைத்த மாதிரி எதிரெதிரே நிறுத்துங்கள். உள்பக்கம் முழுக்கத் துடுப்புகள். நடுவில் எண்ணெய் நிரப்பி, வெளியே மூடி போட்டாயிற்று. ஒரு கொட்டாங்கச்சி எஞ்சினோடு சுற்றுகிறது. அது எண்ணெயை வீசி அடிக்க, எதிரே இருக்கிற கொட்டாங்கச்சி அந்த அடியில் சுற்றத் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே இரும்புக்கு இரும்பு தொடுப்பே இல்லை. அதனால்தான் சிக்னலில் பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கிறது, எஞ்சின் நிற்பதில்லை. திரும்பி வரும் எண்ணெயைச் சரியான கோணத்துக்குத் திருப்பிவிட நடுவில் இன்னொரு துடுப்புச் சக்கரம் உண்டு. அது இருப்பதால்தான் கிளம்பும்போது எஞ்சின் கொடுக்கிற முறுக்கைவிட அதிக முறுக்கு சக்கரத்துக்குப் போகிறது. இந்த யோசனைக்கு 1905-இல் காப்புரிமை வாங்கியவர் ஹெர்மான் ஃபெட்டிங்கர் என்ற ஜெர்மானியர். அவர் யோசித்தது காருக்கு அல்ல, கப்பலுக்கு. கார் உலகம் அதைக் கண்டுகொள்ளப் பல வருடம் ஆயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஹைட்ராமேட்டிக் என்று விற்றதுதான், பெருவாரியாகத் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக். இரண்டாம் உலகப் போரில் அதே பெட்டி அமெரிக்க டாங்கிகளுக்குள் போயிற்று.

கொட்டாங்கச்சியோடு எண்ணெயின் வேலை முடியவில்லை. கியர் மாற்றுவதும் அதே எண்ணெய்தான். ஒரு பம்ப் அதை அழுத்துகிறது. வால்வ் பாடி என்கிற அலுமினியப் பலகையில் எறும்புப் புற்று மாதிரி நூற்றுக்கணக்கான வழிகள் ஓடும். எந்த வழியில் அழுத்தம் போகிறதோ அந்தக் கிளட்ச் தட்டுகள் இறுகும், அந்தக் கியர் விழும். பிறகு அதே எண்ணெய் பற்சக்கரத்துக்கு வழுக்கல் கொடுக்க வேண்டும், சூட்டை அள்ளிக்கொண்டு குளிர்விப்பானுக்கும் போக வேண்டும். இதற்குள் ஒரு முரண்பாடு இருக்கிறது பாருங்கள். பற்சக்கரத்தில் வழுக்க வேண்டிய எண்ணெய், கிளட்ச் தட்டில் வழுக்கக் கூடாது. பிடிக்க வேண்டும், அதுவும் வெடுக்கென்று பிடிக்காமல் இதமாகப் பிடிக்க வேண்டும். அந்தக் குணத்துக்காக ஒரு காலத்தில் இந்த எண்ணெயில் எண்ணெய்த் திமிங்கலத்தின் கொழுப்பெண்ணெயைக் கலந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அந்த விலங்கைக் காக்கச் சட்டம் வந்தது. வேதியியலாளர்கள் அவசர அவசரமாக மாற்று தேடினார்கள். கடைக்குப் போய் "ரெட் ஆயில் ஒரு லிட்டர் கொடுங்க" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தத் திமிங்கலம்தான் நினைவுக்கு வரும். சிவப்பு என்பது வெறும் சாயம், எஞ்சின் ஆயிலோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காகப் போட்டது. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. டப்பாவின் பின்பக்கம் இருக்கிற தரக்குறியீடு, உங்கள் புத்தகத்தில் அச்சாகியிருக்கிற குறியீட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். சி.வி.டி.க்குச் சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெயை ஊற்றினால் எஃகுப் பட்டை கப்பியில் வழுக்கும். வழுக்கிய இடத்தில் கீறல் விழும். அதன் பிறகு என்னைக் கூப்பிட்டுப் பயனில்லை.

ஆக, இந்தப் பெட்டிக்குள் எண்ணெயும் ஓர் உதிரிபாகம், தேய்கிற உதிரிபாகம். வீட்டில் நாம் பார்த்துக்கொள்ள முடிந்தது அதை மட்டும்தான். அதைப் பார்த்துக்கொண்டாலே பெட்டியின் பெரும்பாலான வியாதிகள் வாசலோடு போய்விடும்.

எப்படிப் பார்ப்பது? டிப்ஸ்டிக் இருக்கிற வண்டியென்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. எஞ்சின் ஆயிலைப் பார்ப்பது போல, காலையில் எழுந்து ஆறிக் கிடக்கிற வண்டியில் உருவிப் பார்க்காதீர்கள். இருபது இருபத்தைந்து நிமிடம் ஓட்டி வாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடி P-யிலிருந்து கடைசி வரை ஒவ்வோர் இடமாக லீவரைத் தள்ளி, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு வினாடி நிறுத்தி, திரும்ப P-க்குக் கொண்டு வாருங்கள். உள்ளே இருக்கிற எல்லா வழியிலும் எண்ணெய் நிரம்பட்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை உருவுங்கள். இது பொது முறை. சில வண்டியில் N-இல் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். ஹோண்டாவின் பல பெட்டிகளில் எஞ்சினை அணைத்து ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். புத்தகம் சொல்வதுதான் சட்டம்.

உருவிய கம்பியை எதில் துடைப்பீர்கள்? நம் பக்கத்துப் பட்டறைகளில் கண்ணை மூடிக்கொண்டு கை போகிற இடம் பனியன் வேஸ்ட். திருப்பூர் நமக்குத் தந்த கொடை. ஆனால் இந்த ஒரு வேலைக்கு அது ஆகாது. ஒரு நூல் பிசிர், கம்பியோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போனால் போதும். அந்த எறும்புப் புற்று வழிகளில் நழுவி ஓடுகிற வால்வுகளுக்கும் துளைக்கும் நடுவே முடி நுழையாத இடைவெளிதான் இருக்கும். அதில் ஒரு பிசிர் மாட்டினால் வால்வு பாதியில் நிற்கும், கியர் வெட்டி வெட்டி விழும். என் மாணவன் ஒருவன், இன்றைக்குச் சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவன், சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி வைத்திருப்பான். "என்னடா, கண்ணாடியே போடாதவன் இதை வெச்சிருக்க?" என்று கேட்டேன். "கியர்பாக்ஸுக்குக் கண்ணாடிங்க சார்" என்றான். நான் சொல்லிக்கொடுக்காத பாடம் அது.

துடைத்து, விட்டு, மறுபடி உருவி, முனையிலிருந்து ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் விடுங்கள். பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். நல்ல எண்ணெய் ரோஜா நிறத்தில் அகலமாகப் பரவியிருக்கும், நடுவில் தடம் இருக்காது. வயதான எண்ணெய் செங்கல் நிறம், பிறகு டிக்காஷன் நிறம். சொட்டு பரவாமல் நடுவில் கறுப்புப் பொட்டாக உட்கார்ந்திருந்தால், கிளட்ச் தட்டின் பொடி கலந்திருக்கிறது. பிறகு முகர்ந்து பாருங்கள். நிறம் சில சமயம் ஏமாற்றும், சில எண்ணெய்கள் கெட்டுப்போகாமலே சீக்கிரம் கறுக்கும். மூக்கு ஏமாறாது. தாளிக்கும்போது கருகிப்போன கடுகு வாசம் வந்தால் உள்ளே ஏதோ வழுக்கிச் சூடேறியிருக்கிறது. என்னிடம் மூன்று தாள் இருக்கிறது, மூன்று வண்டியுடையது. அப்படியே வரிசையாகக் கைமாற்றிவிடுங்கள். மூன்றாவதைக் கொடுத்த நண்பர் இதே அறையில்தான் இருக்கிறார், திரும்பிப் பார்க்காதீர்கள்.

இனி என் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் தப்புப் பண்ணினால் அதை வாத்தியாரே சொல்லிவிடுவது நல்லது.

ஆட்டோமேட்டிக் வாங்கிய புதிதில், ஒரு நாள் காலை, வண்டியைக் கிளப்பி, எண்ணெய் சூடேறும் முன்பே டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன். மட்டம் கம்மியாகத் தெரிந்தது. டிப்ஸ்டிக்கில் இரண்டு ஜோடிக் கோடுகள் இருக்கும், குளிர்ந்த எண்ணெய்க்குக் கீழே, சூடான எண்ணெய்க்கு மேலே. நான் மேல் கோட்டைப் பார்த்து முக்கால் லிட்டர் ஊற்றினேன். முப்பது வருட அனுபவம் இல்லையா! எண்ணெய் சூடேறினால் உப்பும். ஆறு லிட்டர் எண்ணெய் அறுபது டிகிரி சூடேறினால் கால் லிட்டருக்கு மேல் கன அளவு கூடும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எத்தனை தடவை போட்டிருப்பேன், என் வண்டிக்கு மட்டும் போடவில்லை. அன்றைக்கே குடும்பத்தோடு வால்பாறைக்குக் கிளம்பினோம். ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. பன்னிரண்டாவதோ பதிமூன்றாவதோ, கியர் மாறும்போது எஞ்சின் மட்டும் உறுமியது, வண்டி இழுக்கவில்லை. "ஏனுங்க, ஏதோ தீயற வாசம் வருதுங்க" என்றாள் வீட்டம்மா. பானெட்டைத் தூக்கினால் புகை. மட்டம் அதிகமானதால் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்திருக்கின்றன. மோர் கடைந்த மாதிரி நுரை. நுரை என்றால் பாதி காற்று. எண்ணெயை அழுத்த முடியும், அழுத்தியதைக் கிளட்சுக்கு அனுப்ப முடியும். காற்றை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். கிளட்ச் இறுகவில்லை. மீதி நுரை மூச்சுக் குழாய் வழியாக வெளியேறி, சூடான சைலன்சர் குழாய் மேல் சொட்டிப் புகைந்தது.

ஒரு மணி நேரம் ஆறவிட்டு, உருட்டிக்கொண்டே கீழே இறங்கினோம். பொள்ளாச்சியில் மருந்துக் கடையில் நூறு மில்லி ஊசிக்குழல் ஒன்று, மீன்தொட்டிக் கடையில் ஒரு மீட்டர் குழாய். டிப்ஸ்டிக் துளை வழியாகக் குழாயை விட்டு, ஒவ்வொரு நூறு மில்லியாக, தண்ணீர் பாட்டிலில் உறிஞ்சி விட்டேன். ஏழு தடவை. பேரன் எண்ணினான். அந்த ஊசிக்குழல் இன்றும் என் டூல் பாக்ஸில் முதல் தட்டில் இருக்கிறது. பெட்டிக்கு எண்ணெய் குறைந்தால் கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் அதே கெடுதல்தான், அறிகுறியும் அதேதான். குறைவென்று நினைத்து இன்னும் ஊற்றுவீர்கள், அதுதான் ஆபத்து.

இப்போது எண்ணெய் மாற்றுவது. எப்போது என்பதற்கு ஒரே பதில் இல்லை. "இந்த எண்ணெய் வண்டியின் ஆயுள் முழுக்க வரும்" என்று சில நிறுவனங்கள் அச்சடிக்கின்றன. எட்டு கியர் பெட்டி செய்து பல நிறுவனங்களுக்குக் கொடுக்கிற ஜெர்மானிய இசட்.எஃப். நிறுவனமோ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர் ஒன்று சொல்லி, பெட்டியை வாங்கிக் காரில் வைத்தவர் வேறு சொன்னால், நான் செய்தவர் பக்கம். நம் வெயில், நம் நெரிசல், ஐந்து பேரோடு ஊட்டி. சூடு பத்து டிகிரி கூடினால் எண்ணெய் கெடுகிற வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழைய கைக்கணக்கு. என் வண்டிக்கு 50,000 கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறேன். அது என் கணக்கு, உங்கள் புத்தகம் இன்னும் முன்னால் மாற்றச் சொன்னால் அதைக் கேளுங்கள்.

மாற்றும்போது ஒரு விசித்திரம். எஞ்சின் ஆயில் போல போல்ட்டைத் திறந்தால் முழுதும் கொட்டிவிடாது. கொட்டாங்கச்சிக்குள்ளும் வழிகளிலும் இருப்பது அங்கேயே இருந்துகொள்ளும். என் பெட்டி ஏறக்குறைய ஆறு லிட்டர் பிடிக்கும், திறந்தால் வருவது மூன்று. அதனால் மூன்று ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி மூன்று வடித்து, மூன்று ஊற்றி, அப்புறம் மூன்றாம் தடவை. நம் பாட்டன் வாய்ப்பாடு இதற்கு அச்சாகப் பொருந்தும். முதல் தடவை முடிந்ததும் பழையது அரை, இரண்டாம் தடவை கால், மூன்றாம் தடவை அரைக்கால். எட்டில் ஏழு பங்கு புதுசு. ஒன்பது லிட்டர் செலவாகும். பட்டறையில் இயந்திரத்தை மாட்டி ஒரே மூச்சில் மாற்றித் தருவார்கள், அது பெட்டியின் சொந்தப் பம்ப் தள்ளும் எண்ணெயைப் பிடித்து, அதே அளவு புதுசைக் கொடுக்கிற இயந்திரம் என்றால் சரி. வெளியிலிருந்து அழுத்தத்தில் கழுவித் தள்ளுகிறது என்றால், பழைய வண்டியை நான் கொடுக்க மாட்டேன். அடியில் படிந்திருப்பது கிளம்பி வால்வ் பாடிக்குள் போகும்.

"பழைய பெட்டியில எண்ணெயை மாத்துனா பெட்டியே போயிரும்" என்று ஒரு பயம் உண்டு. எனக்கும் சிலரைத் தெரியும், மாற்றிய மாதமே பெட்டி போயிற்று. விசாரித்தால், மாற்றியதே வழுக்க ஆரம்பித்த பிறகுதான். கடைசி மூச்சில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு ஊசிதான் கொன்றது என்று சொல்கிற கதை. தட்டு தேய்ந்துபோன பெட்டியில், பழைய எண்ணெயில் மிதக்கும் பொடியே கொஞ்சம் பிடிப்புக் கொடுத்துக்கொண்டிருக்கலாம், அதை வடித்தால் உண்மை தெரிந்துவிடும். ஒழுங்காக ஓடுகிற வண்டிக்கு இந்தப் பயம் வேண்டியதில்லை. வழுக்குகிற வண்டிக்கு எண்ணெய் மருந்தல்ல.

செய்முறைக்கு வருகிறேன். கார் ஜாக்கியில் மட்டும் நிற்கும்போது அடியில் தலையை விடாதீர்கள். ஸ்டாண்ட் வையுங்கள், பின் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் மட்டம் தப்பாகக் காட்டும், வடிக்க மட்டும் தூக்கி, அளக்கத் தரையில் இறக்குங்கள். வடிக்கிற போல்ட்டைத் தொடுவதற்கு முன், ஊற்றுகிற வழி திறக்கிறதா என்று பாருங்கள். டிப்ஸ்டிக் இல்லாத பெட்டியில் ஊற்றுவதற்கும் ஒரு போல்ட்தான். அது துருப்பிடித்து வரவில்லை என்றால், கீழே வடித்த பிறகு வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும். வடிந்ததை அளந்து வையுங்கள். நான் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி வரிசையாக வைப்பேன், புது எண்ணெயையும் அதே மாதிரி பாட்டில்களில், அதே வெயிலில், பக்கத்தில். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்ததும் மட்டத்துக்கு மட்டம் பார்த்து ஊற்றுவேன். எத்தனை வந்ததோ அத்தனை உள்ளே.

பல பெட்டிகளில் போல்ட்டின் முனையில் காந்தம் இருக்கும். அதில் கண்மை மாதிரி கரும் பசை ஒட்டியிருந்தால் கவலை இல்லை, அது தேய்மானம், எல்லாப் பெட்டியிலும் உண்டு. விரலில் தேய்த்தால் மாவாக இருக்க வேண்டும். நெருடினால், நகத்துண்டு மாதிரி பளபளப்பாக ஏதாவது கிடந்தால், அன்றோடு வீட்டு வைத்தியம் நிற்கிறது. வாஷரைப் புதுசாகப் போடுங்கள். வீரம் காட்டி இறுக்காதீர்கள், பெட்டியின் உடம்பு அலுமினியம், மரை போய்விடும். டார்க் ரென்ச் இரவல் கேட்டால் நான் தருவேன்.

டிப்ஸ்டிக்கே இல்லாத புதுப் பெட்டிகளில் மட்டம் பார்ப்பது வேறு முறை. எஞ்சின் ஓடவேண்டும், எண்ணெய் நாற்பது டிகிரிக்குப் பக்கத்தில் ஒரு குறுகிய வரம்புக்குள் இருக்க வேண்டும், வண்டி நாலு சக்கரமும் சம உயரத்தில் நிற்க வேண்டும், அடியில் ஒருவர் மட்டப் போல்ட்டைத் திறந்து, தாரை மெலிந்து சொட்டாகிற நேரத்தில் மூட வேண்டும். ஓடுகிற வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். லிஃப்ட் உள்ள பட்டறைக்குப் போங்கள், ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். "எத்தனை டிகிரியில மட்டம் பார்க்கறீங்க?" என்று மட்டும் கேளுங்கள். பதில் உடனே வந்தால் வண்டியைக் கொடுக்கலாம்.

மற்ற சாதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ.எம்.டி.யில் தேய்வது கிளட்ச். மேட்டில் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரிலேயே வண்டியை நிறுத்திப் பிடிப்பது நம் கெட்ட பழக்கம், அந்த நேரம் முழுக்க உள்ளே கிளட்ச் உரசிக்கொண்டிருக்கிறது. உலர் கிளட்ச் வைத்த டி.சி.டி.க்கும் இதே அறிவுரை. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊராமல், முன்வண்டி ஒரு வண்டி நீளம் போகட்டும், பிறகு நகருங்கள். பின்னால் ஹார்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும். ஸ்கூட்டருக்கு, பின்சக்கரத்துப் பக்கம் ஒரு சின்னக் கியர் ஆயில் அறை இருக்கிறது, ஒரு காபி டம்ளர் அளவு. எஞ்சின் ஆயிலை ஒழுங்காக மாற்றுகிற பலர் அப்படி ஒன்று இருப்பதையே அறிய மாட்டார்கள்.

ஓட்டும் விதமும் பராமரிப்புதான். P என்ற எழுத்தை நம்பி மேட்டில் வண்டியை விடாதீர்கள். P என்பது உள்ளே விரலளவு ஓர் இரும்புக் கொக்கி ஒரு பல்லில் மாட்டிக்கொள்வது, அவ்வளவே. பிரேக்கை மிதித்து, N-க்குக் கொண்டு வந்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, காலை மெல்ல எடுங்கள். வண்டி ஹேண்ட் பிரேக்கில் உட்காரட்டும், அப்புறம் P. இல்லாவிட்டால் ஒரு டன் எடையும் அந்தக் கொக்கியில் தொங்கும். திரும்ப எடுக்கும்போது "டங்" என்று கேட்கிறதே, அது அதுதான். P-யே இல்லாத ஏ.எம்.டி. உண்டு, அதில் கியரில் விட்டு ஹேண்ட் பிரேக் போட வேண்டும். பின்னால் உருளும்போதே D போடுவது, மலையிறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க N போடுவது, இரண்டும் வேண்டாம். N-இல் இறங்கினால் பிரேக் மட்டுமே மிஞ்சும், வால்பாறையின் நாற்பது வளைவுக்கும் அது தாங்காது. லீவரை L-க்கோ 2-க்கோ கொண்டு வந்து எஞ்சினைப் பிடிக்க விடுங்கள்.

பேட்டரி போனால், தெருப் பையன்களைக் கூப்பிட்டு "தள்ளுங்கடா" என்று சொல்கிற சுகம் இந்த வண்டியில் கிடையாது. எஞ்சின் சுற்றாமல் பம்ப் சுற்றாது, பம்ப் சுற்றாமல் எந்தக் கிளட்சும் பிடிக்காது. ஜம்பர் கேபிள் வைத்துக்கொள்ளுங்கள். அதே காரணத்தால், எஞ்சின் நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, உள்ளே எண்ணெய் ஓடாமல் பற்சக்கரம் மட்டும் சுற்றும். லாரி மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது வேளச்சேரியில் என் மச்சினர் வண்டியும் சீட்டளவு தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் கிளப்பிப் பார்க்கத் துடித்தார். "சாவியை எடுத்து அக்காகிட்டக் கொடுங்க" என்று போனிலேயே சொன்னேன். மூன்றாம் நாள் போய் வடித்தோம். போல்ட்டைத் திறந்ததும் வந்தது எண்ணெய் இல்லை, ரோஸ்மில்க். அதே நிறம், அதே கெட்டி. மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. தண்ணீர் பட்டால் கிளட்ச் தட்டின் மேல் ஒட்டியிருக்கிற உராய்வுக் காகிதம் பசை விட்டுப் பெயர்ந்து வரும். ஒரு நிமிடம் ஓடவிட்டிருந்தால் அந்த ரோஸ்மில்க் எல்லா வழியிலும் போயிருக்கும். வெள்ளம் வராமலே ரோஸ்மில்க் வரும் வழி ஒன்று உண்டு. ரேடியேட்டருக்குள்ளேயே கியர்பாக்ஸ் எண்ணெயும் ஆறுகிற வண்டிகளில், உள்ளே ஓட்டை விழுந்து இரண்டும் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் அந்த நிறத்தைப் பார்த்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள், பட்டறையை வண்டிக்கு வரச் சொல்லுங்கள்.

வடித்த பழைய எண்ணெயை என்ன செய்வது? தோட்டத்துக் கதவுக்குக் கரையான் வராமல் பூசுவது, சாக்கடையில் கொசுவுக்கு ஊற்றுவது, இதெல்லாம் நம் தாத்தா வழி. சட்டப்படி அது அபாயக் கழிவு. நீங்கள் ஊற்றிய மூன்று லிட்டர் உங்கள் போர்வெல்லுக்குத்தான் திரும்பி வரும். மூடி போட்ட கேனில் பிடித்துவைத்து, பழைய எண்ணெயை டிரம்மில் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுக்கிற பட்டறையில் விட்டுவிடுங்கள்.

மூன்று தாளும் திரும்பி வந்துவிட்டதா? சரி. அந்த மூன்றாவது தாளுக்கு உரியவர் இப்போது என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார், அதனால் சொல்லிவிடலாம். அவர் வண்டிக்கு முதல் இரண்டு தடவை வடித்தாயிற்று. மூன்றாவது வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, என் வீட்டுப் போர்ட்டிகோவில். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம். பார்க்க வருகிறவர்கள் உட்கார ஒரு பழைய செய்தித்தாள் கொண்டு வாருங்கள். காபி வீட்டில் உண்டு. பனியன் வேஸ்ட் மட்டும் கொண்டு வராதீர்கள்.